படத்துக்குக் கீழே ஒரு வரி

சித்தப்பா டிப்ளமா படித்தவர் என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சொன்ன பொய். நாங்குநேரிப் பக்கம் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தாராவிக்கு வந்து, டாக்சிகளுக்கு ஹார்ன் மாட்டும் ஒரு கடையில் நின்று தொழில் பழகியவர் அவர். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் பாளையங்கோட்டையில் இரண்டு வருஷம் காலேஜுக்குப் போனவள் என்று காதில் விழுந்ததும், அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் தம்பி ஆட்டோமொபைல் டிப்ளமா என்று சொல்லிவிட்டார். கல்யாணம் நடந்தது. சித்தி பம்பாய்க்கு வந்து இறங்குவதற்கு முந்தின நாள் அம்மா என்னை உட்காரவைத்து, யார் கேட்டாலும் சித்தப்பா டிப்ளமா என்றுதான் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். எனக்கு அந்தச் சொல்லே பிடித்திருந்தது. கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப்பட்டவள் நான். வீட்டுக்கு யாராவது வந்தால் பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். அர்த்தம் யாரும் கேட்டதில்லை. வேகமாக வாசித்தால் போதும். தெரியாத சொல் வந்தால் இன்னும் வேகமாக வாசித்துவிட வேண்டும் என்பதை நான் சீக்கிரமே கண்டுபிடித்திருந்தேன்.

சித்தப்பாவின் கடை மாஹிம் பக்கம் இருந்தது. கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை. பாதியில் சித்தப்பா கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பார்; மீதியில் மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் கார் சீட் தைப்பார். அவரை நாங்கள் பாய் என்போம். அந்தக் கொட்டகைக்கு ஒரு நாள் மாட்டுங்காவிலிருந்து ஒரு சார் தன் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

சிவப்பு நிறத்தில், இரண்டே கதவுள்ள, தரையோடு தரையாகப் பதுங்கிய ஜப்பான் கார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்ததாக இருக்கும். பட்டனை அமுக்கினால் முன்விளக்குகள் தவளைக் கண்போல் மேலே எழும்பும். அதற்கு டர்போ உண்டு என்று சித்தப்பா மரியாதையோடு சொன்னார். எஞ்சின் வெளியே தள்ளும் புகையிலேயே ஒரு குட்டிக் காற்றாடி சுற்றி, அந்தச் சுற்றில் எஞ்சினுக்குள் இன்னும் காற்றைத் திணிக்குமாம். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று கணக்குப் பார்த்துச் சொல்ல ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. முந்தின மழைக்காலத்தில் மாட்டுங்காவில் தண்ணீர் ஏறியபோது, கால் வைக்கும் இடத்துக்கு அடியில் இருந்த அந்தப் பெட்டி மூழ்கிச் செத்துப்போயிருந்தது.

அதே பெட்டி எங்கேயும் கிடைக்கவில்லை. கப்பலில் வேலை பார்க்கும் சாரின் மருமகன் தேடிப் பிடித்ததில், அதே கம்பெனி பிறகு செய்த வேறொரு காரின் பெட்டி எட்டு மாதம் கழித்து வந்து சேர்ந்தது. அது இந்த எஞ்சினையும் ஓட்டும். ஆனால் வயர் முனைகளைச் செருகும் கப்ளர் வேறு, அதற்குள் கம்பிப் பின்கள் இருக்கும் வரிசை வேறு. பழைய வயர் ஒவ்வொன்றையும் புதிய இடத்துக்கு மாற்றி இணைக்கவேண்டும். செம்பூரில் இரண்டு பெரிய கடைகளில் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். சித்தப்பா பெட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பண்ணிரலாம் சார்" என்றார்.

சார் அவரை ஒரு பார்வை பார்த்தார். "என்ன படிச்சிருக்கேப்பா நீ?"

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். டிப்ளமா என்றேன்.

சாருக்குத் திருப்தி. பையிலிருந்து நாலைந்து தாள்களை எடுத்துக் கொடுத்தார். இன்டர்நெட்டிலிருந்து எடுத்தது; எந்த வயர் எந்தப் பின்னுக்குப் போகவேண்டும் என்று எல்லாம் இங்கிலீஷில் போட்டிருந்தது. "ஒரு தடவை நன்னா படிச்சுட்டு ஆரம்பி. சந்தேகம்னா ஃபோன் பண்ணிக் கேளு, கூச்சப்படாதே" என்றார். "வாசிச்சுக்கிடுதேன் சார்" என்றார் சித்தப்பா.

எங்கள் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அன்று சாயங்காலம் சித்தப்பா, எனக்குக் கணக்குச் சொல்லித்தரப் போவதாக அறிவித்துவிட்டு என்னை மேலே அழைத்துப்போனார். சித்தி கீழே இருந்தாள். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. டிப்ளமா படித்தவர் அண்ணன் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவதைப் பற்றி அவளுக்குப் பெருமை. எங்களுக்கு மேலேயே டீ வந்தது.

மேலே நான் வாசிக்க, அவர் என்னுடைய பழைய நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டார். நம்பர்கள் அவருக்கே தெரியும். வார்த்தைகள்தான் வேண்டும். இன்ஜெக்டர், சென்சார், எர்த் என்று நான் வாசிக்க வாசிக்க, "ஆங், அதுதான்" என்று முகம் மலர்ந்து எழுதுவார். காதால் கேட்டுப் பத்து வருஷம் பழகிய சொற்கள்; தாளில்தான் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தினமும் மாலை நாலு நாள் இது நடந்தது. நான் வாசிப்பதைக் கேட்டு ஒரு பெரியவர் வேலை பார்க்கப்போகிறார் என்ற நினைப்பில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டாம் நாள் ஒரு சறுக்கல். 'ஐடில்' என்பதை நான் இட்லி என்று வாசித்துவிட்டேன். இட்லி வால்வு. சித்தப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கீழே கேட்டுவிடப் போகிறது என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டுக் கொட்டகைக்குப் போனால் பாய்க்கும் விஷயம் போயிருந்தது. "வாங்க இட்லி மேடம், சட்னி எந்த வால்வுல வரும்?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். பக்கத்து டீக்கடைப் பையன்கூடச் சிரித்தான். எனக்குக் காது மடல் எரிந்தது. அதற்குமுன் என் இங்கிலீஷைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை.

நாலாம் நாள் கடைசித் தாளில் ஒரு படம் இருந்தது. கப்ளரின் படம். சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. 'வியூ ஃப்ரம் ஹார்னெஸ் சைடு.' எனக்கு ஹார்னெஸ் என்றால் தெரியவில்லை. சித்தப்பா டீ குடிக்கும் நேரத்தில், பள்ளிக்கூடத்து அகராதியை எடுத்துத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். சேணம், குதிரைக்குப் பூட்டும் வார் என்று போட்டிருந்தது.

குதிரைக்குச் சேணம் பூட்டும் பக்கத்திலிருந்து பார்க்கவும். காரில் குதிரை எங்கே வந்தது? இட்லிக்கே இந்தப் பாடு என்றால், குதிரை என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. பாய் குதிரைபோலக் கனைப்பார். டீக்கடைப் பையன் கொள்ளு கொண்டுவருவான்.

சித்தப்பா டம்ளரை வைத்துவிட்டு அந்த வரியின்மேல் விரலை வைத்தார். "இது என்னட்டி, கீழ பொடியா?"

"அச்சடிச்ச கம்பெனி பேரு சித்தப்பா."

அவர் விரலை எடுக்கவில்லை. "இந்தப் படத்த முன்னால இருந்து பாக்கணுமா, பின்னால வயர் வாற பக்கத்துல இருந்து பாக்கணுமான்னு போட்டிருக்கணுமே. எங்கயும் போடலையா? நல்லாப் பாரு."

அவர் கேட்டது இதுதான். சொல்லுக்குச் சொல் இதுதான். வியூ என்றால் பார்ப்பது, சைடு என்றால் பக்கம் என்று எனக்குத் தெரியும். ஹார்னெஸ் தெரியாவிட்டாலும், எந்தப் பக்கம் என்று அங்கே ஏதோ போட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். நான் தாளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "எங்கயும் போடல" என்றேன்.

சித்தப்பா என்னை நம்பினார்.

அதற்குப் பிறகு பத்து நாள் அவர் அந்தக் காருக்குள் தலைகீழாகக் கிடந்தார். வழக்கமாக இப்படிப்பட்ட படங்களை முன்னாலிருந்துதான் பார்ப்பது என்று முடிவு செய்து, அப்படியே ஒவ்வொரு வயராக இணைத்தார். பின்னாலிருந்து பார்க்கவேண்டிய படத்தை முன்னாலிருந்து பார்த்தால், கண்ணாடியில் வலது கை இடது கை ஆவதுபோல எல்லாமே இடம் மாறிவிடும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் இல்லை. ஆனால் அந்தக் கப்ளரில் இரண்டு ஓரத்திலும் எர்த் இருந்ததால் மீட்டரும் சரி என்றே காட்டிவிட்டது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. அந்தப் பத்து நாளில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னை யாரும் குதிரை என்று கூப்பிடவில்லை என்பதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் தயார். சார் தன் வீட்டு மாமியோடு வந்தார். சித்தி முதல்முறையாகக் கொட்டகைக்கு வந்தாள். கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழ நிறப் பட்டுப்புடவை, கையில் கேசரி தூக்கு. பாய் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சித்தப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். சார் சாவியை அவரிடம் நீட்ட, அவர் அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். "பிள்ள திருப்பட்டும் சார். ராசியான கை."

சீட்டில் உட்கார்ந்தால் எனக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. சாவியைத் திருப்பினேன். உள்ளே எங்கேயோ 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. எஞ்சின் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என் பக்கத்தில், பெட்டி இருந்த இடத்திலிருந்து நூல்போல வெள்ளையாகப் புகை கிளம்பியது. பிளாஸ்டிக்கும் மீனும் சேர்ந்து கருகுவதுபோல ஒரு நாற்றம். சித்தப்பா என்னைத் தூக்கி வெளியே விட்டுவிட்டுத் தலையை உள்ளே நுழைத்தார். பாய் ஓடிப்போய் பேட்டரி வயரைப் பிடுங்கினார்.

எட்டு மாதம் கழித்து வந்த பெட்டியைச் சித்தப்பா கழற்றி வெளியே எடுத்து, மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு மூலை கருத்துப்போயிருந்தது. புகை இன்னும் அவர் முகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதை விலக்கக்கூட இல்லை.

சார் கத்தவில்லை. தாள்கள் எங்கே என்று கேட்டு வாங்கினார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசித் தாளில் நின்றார்.

"எந்தப் பக்கத்திலேருந்து பாத்து மாட்டினே?"

"முன்பக்கம் சார்."

"ஏம்ப்பா, ஹார்னெஸ் சைடுன்னு படத்துக்குக் கீழேயே போட்டிருக்கே. ஹார்னெஸ்னா வயர்க் கொத்துதானே? உங்க தொழில்லே தினம் புழங்கற வார்த்தையாச்சே?"

சித்தப்பா அதை வயரிங் கிட் என்பார். கொட்டகையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஹார்னெஸ் என்ற சொல்லை அவர் அந்த நிமிஷம்தான் கேட்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சாருக்கு அது தெரியவில்லை. அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கொழந்தே, நீ இங்கிலீஷ் மீடியம்தானே? இங்கே வா. இந்த வரியைப் படி."

நான் தாளை வாங்கினேன். ஓடியிருக்கலாம், அழுதிருக்கலாம். எனக்குத் தெரிந்தது வாசிப்பது ஒன்றுதான். வாசித்தேன். பழக்கதோஷத்தில் வேகமாக, தெளிவாக, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வாசித்தேன். 'வியூ ஃப்ரம் ஹார்னெஸ் சைடு.'

"பாத்தியா? அஞ்சாங்கிளாஸ் கொழந்தை கடகடன்னு படிக்கறது. டிப்ளமா படிச்சவன், நீ பாக்கலையா?" சார் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். உடனே அங்கிருந்து பார்வையை எடுத்துச் சித்தியைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் சாரைப் பார்த்தார்.

"கவனிக்கல சார். தப்பு என்மேலதான்."

பாய்க்கு விஷயம் தெரியும். வாசித்துச் சொன்னது யார் என்று இட்லி நாளிலிருந்தே தெரியும். அவர் ஒரு முறை வாயைத் திறந்தார். சித்தப்பா அவர் பக்கம் லேசாகத் தலையசைத்தார். பாய் போய் மிஷினில் உட்கார்ந்து, நூலில்லாத ஊசியைக் கொஞ்ச நேரம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து, கார் வந்தது போலவே கயிற்றில் கட்டப்பட்டுப் போனது. சார் பெட்டிக்கு நஷ்ட ஈடு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சித்தப்பாவுக்கு ஒருவேளை ஆறுதலாக இருந்திருக்கும். தாராவியில் எங்கள் சந்துக்கு விஷயம் கார் போவதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. படித்த மெக்கானிக் பெட்டியைக் கொளுத்தினான் என்று சொல்லிச் சிரித்தார்கள். சித்தப்பா பழையபடி, கொட்டகையிலேயே டாக்சிகளுக்கு ஹார்ன் மாட்டத் தொடங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேசரித் தூக்கு திறக்கப்படாமல் வீட்டுக்குத் திரும்பியது. சித்தி புடவையை மாற்றிவிட்டு வந்து எனக்கு ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். "நீ பயந்துட்டியாட்டி?" என்று என் முகத்தைத் துடைத்துவிட்டாள். நான் கேசரியைத் தின்றேன். இன்னொரு தடவையும் வாங்கித் தின்றேன். எத்தனையோ விஷயங்களை மறந்துவிட்டேன். அந்த இரண்டாவது கிண்ணத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

சித்தப்பா என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். அப்பாவிடம் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. மேலே கணக்கு வகுப்பு நின்றுபோனது, அவ்வளவுதான். ஏணியில் எதிரெதிரே வந்தால் நான் இறங்கும்வரை ஒதுங்கி நின்று வழிவிடுவார். முன்பெல்லாம் இறங்கும்போது பின்னலைப் பிடித்து இழுப்பார். இப்போது இழுக்கவில்லை. நான் சொல்லாமலே எல்லாம் முடிந்துவிட்டது என்று முதலில் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். காஸ் கனெக்‌ஷன் பற்றி இங்கிலீஷில் ஒரு கடிதம் சித்தப்பா பெயருக்கு வந்தது. நான் மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். சித்தப்பா கடிதத்தை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பக்கத்தில் கொண்டுவந்தார், தள்ளிவைத்தார். பிறகு சித்தியின் பக்கம் நீட்டி, "கண்ணு என்னமோ மங்கலாத் தெரியி. நீ கொஞ்சம் வாசியேன்" என்றார்.

சித்தி அடுப்பை அணைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து கடிதத்தை வாங்கினாள். அவரை நிமிர்ந்து பார்க்காமலே, "புகையில நிக்குத தொழிலு, கண்ணு மங்கத்தான செய்யும்" என்றாள். பிறகு மெதுவாக ஒரு வரி இங்கிலீஷில் வாசிப்பதும், அதைத் தமிழில் சொல்வதுமாக முழுக் கடிதத்தையும் படித்தாள். நடுவில் ஒரு சொல்லில் நின்றாள். "இது என்னன்னு எனக்குத் தெரியல. நாளைக்கு யார்ட்டயாவது கேட்டுக்கிடுவோம்" என்றாள். சித்தப்பா சரி என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது என்பது அப்போது என் நினைவுக்கே வரவில்லை. புகை என்று சித்தி சொன்னது எந்தப் புகையை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் முகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த அந்த வெள்ளைப் புகைதான் கண்ணுக்குள் போயிருக்கிறது. பெட்டியை மட்டுமல்ல, சித்தப்பாவின் கண்ணையும் நான்தான் பொசுக்கிவிட்டேன். அன்று ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா புதன்கிழமைதோறும் மாஹிம் சர்ச்சுக்குப் போவாள். நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். வாசலில் மெழுகில் செய்த கைகள், கால்கள், சின்ன வீடுகள், குழந்தைகள் என்று அடுக்கி விற்பார்கள். எது சரியாகவேண்டுமோ அதை வாங்கி மாதாவுக்கு வைக்கவேண்டும். நான் பென்சில் பெட்டிக்காகச் சேர்த்திருந்ததைக் கொடுத்து ஒரு ஜோடிக் கண் வாங்கினேன். ஒரே மெழுகுத் துண்டில் அருகருகே இரண்டு கண்கள். கூட்டத்தில் நின்று வேண்டிக்கொண்டேன். ஒன்பது புதன்கிழமை வருகிறேன், கேசரி சாப்பிடமாட்டேன், பரீட்சையில் முதலாவதாக வராவிட்டாலும் பரவாயில்லை என்று எதையெதையோ விட்டுக்கொடுத்தேன். சித்தப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

ஐந்தாவது புதன் கழிந்து கொட்டகைக்குப் போனேன். சித்தப்பா ஒரு டாக்சியின் டாஷ்போர்டுக்குள் கையை விட்டு, தலைமுடி மாதிரி இருந்த வயர்களைப் பிரித்து, ஒவ்வொன்றாக நிறம் பார்த்து இணைத்துக்கொண்டிருந்தார். சிவப்பில் கறுப்புக் கோடு எது, சிவப்பில் பச்சைக் கோடு எது என்று நிழலிலேயே சட்டென்று சொன்னார். மாதா கேட்டுவிட்டாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் வீட்டுக்கு வந்தால், அன்று வந்த இன்னொரு கடிதத்தை அவர் மறுபடியும் சித்தியிடம்தான் நீட்டினார். இந்த முறை கண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சித்தியும் எதுவும் கேட்காமல் வாங்கி, அவர் தோளை ஒட்டி உட்கார்ந்து வாசித்தாள். என் வேண்டுதலில் பாதிதான் பலித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வயர் தெரியும் அளவுக்குக் கண் திரும்பிவிட்டது, எழுத்துத் தெரியும் அளவுக்கு இன்னும் வரவில்லை. அடுத்த புதன்கிழமை அம்மாவிடம் பென்சில் தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லிக் காசு வாங்கி, மாஹிமுக்குப் போய், மிச்சத்துக்காக இன்னொரு ஜோடிக் கண் வாங்கி வைத்தேன்.